ஒசாகாவில் ஷட்டர் 1/60

ஒசாகாவில் 30 பிரேம், ஷட்டர் 1/60. டோக்கியோவில் 25 பிரேம், ஷட்டர் 1/50. மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொன்ன ஒருத்தரும் தப்பாகச் சொன்னார். அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்த முறை லீவில் எங்கள் ஊர் குள்ளஞ்சாவடி வந்திருந்தபோது, ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிற தம்பிகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சம்பளம், வாடகை, அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, எழுந்து போகும்போது ஒருவன் கேட்டான்: “அண்ணா, அந்த அண்டர்கிரவுண்ட் கச்சேரி வீடியோல்லாம் எப்படிண்ணா எடுக்குற? எங்களயும் உள்ள வுடுவாங்களா?” விடுவார்கள். ஆனால் சில விஷயங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். நீங்களும் என்னைப் போல பி.இ. மெக்கானிக்கல்தான் முடித்திருப்பீர்கள். ஹிகாஷி-ஒசாகாவில் ஏதோ ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷினோடு மல்லுக்கட்டுவீர்கள். அக்கா கல்யாணக் கடனுக்குப் பாதிச் சம்பளம் ஊருக்குப் போகும். மீதியில், பக்கத்து ரூம்காரர் இருமினால் நமக்குக் கேட்கிற ஒற்றை ரூமில் இருப்பீர்கள். ஆகவே நான் சொல்வது அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

கேமரா எனக்குப் புதிதில்லை. காலேஜ் லீவுகளில் குறிஞ்சிப்பாடி ஸ்டூடியோ ஒன்றில் சன்கன் விளக்கு பிடித்தவன் நான். பானசோனிக் எம்டி 10000 தோளில் ஏறிய பிறகு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டம்தான். ராத்திரி பூரா கூத்து எடுத்திருக்கிறேன், சாவு மேளம் எடுத்திருக்கிறேன். நான் ஜப்பானில் எடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பாட்டாடா? தகரத்த இழுத்துகினு போற மாதிரி கீது” என்று சித்தப்பா சொன்னார். சொல்லட்டும். பத்துப் பறை சேர்ந்து அடிக்கும்போது நடுவில் நின்று கேட்டவனுக்கு அந்தத் தகரத்தில் என்ன இருக்கிறதென்று தெரியும்.

அங்கே இந்தக் கச்சேரிகள் நடக்கும் இடம் லைவ் ஹவுஸ். பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும், நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும். ஒசாகாவில் இந்த ரக இரைச்சல் இசைக்குப் பேர்போனது நம்பா பேர்ஸ். போர்டம்ஸ் குழுவில் கிடார் வாசித்த யமமோடோ செய்ச்சி நெடுநாள் அதன் பொறுப்பில் இருந்தவர். 1986இல் ஒசாகாவில் கிளம்பிய குழு போர்டம்ஸ். 2007 ஜூலை 7 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் 77 டிரம்மர்களைச் சுருளாக உட்காரவைத்து வாசித்தார்கள். அதன் பாடகர் ஐ என்பவர், அதற்கு முன்பு ஹனதராஷ் என்ற குழுவில் இருந்தபோது, 1985இல் டோக்கியோ அரங்கு ஒன்றுக்குள் ஜேசிபி மாதிரியான மண்வாரி வண்டியைச் சுவரை இடித்துக்கொண்டு ஓட்டிவந்தார். போட்டோ இருப்பதால்தான் இன்றைக்கு இதை நம்புகிறார்கள். யாரோ ஒருத்தர் கேமராவோடு அங்கே நின்றிருக்கிறார், அவ்வளவுதான். 1979இல் தொடங்கிய ஹிஜோகைடான், அதே குழுவின் ஜோஜோ ஹிரோஷிகே 1984இல் ஆரம்பித்த ஆல்கெமி ரெக்கார்ட்ஸ், மேடையேறிச் சில நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போய்விடும் மசோன்னா என்று அந்த ஊர்க் கதை நீளம். மசோன்னா மாதிரி ஆட்களை எடுக்கப் போனால் ஃபோகஸ் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நீங்கள் மூடியைக் கழற்றுவதற்குள் கச்சேரி முடிந்திருக்கும்.

வாசலில் டிக்கெட் 2,000 யென் சுமார் இருக்கும். அதற்கு மேல் ஒரு பானம் கட்டாயம், 500 அல்லது 600. குடிக்காதவர்களுக்கு ஊலாங் டீ உண்டு. பணம் கட்டும்போது, இன்றைக்கு எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள். சும்மா உபசாரம் என்று நினைத்து “எல்லாரையும்தான்” என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்று அங்கே கணக்கு இருக்கிறது. நொருமா என்பார்கள். குறைந்தால் குழுக்காரர்கள் கைக்காசு போட்டு அரங்குக்குக் கட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் பெயர் அந்தக் குழுவின் கணக்கில் ஏறும். அதனால் பட்டியலில் இருப்பதிலேயே சின்னக் குழுவின் பெயரைச் சொல்லுங்கள். பெரிய குழுவுக்கு ஆள் வரும். சின்னக் குழு உங்களை மறக்காது. அடுத்த முறை கேமராவோடு வருகிறீர்களா என்று அவர்களே கேட்பார்கள். நான் உள்ளே போனதே இந்த வழியில்தான்.

அனுமதி விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி தடுக்கி விழுகிறார்கள். கல்யாணத்தில் பெண்வீட்டார் சொன்னால் போதும், மண்டபத்தில் யாரையும் எடுக்கலாம். அங்கே ஒரே ராத்திரியில் நாலைந்து குழு மேடையேறும். ஒரு குழு சரி என்றால் அந்தக் குழுவுக்கு மட்டும்தான் சரி. அரங்கு மேலாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சவுண்ட்காரரிடம் எங்கே நிற்கட்டும் என்று கேட்க வேண்டும். ஒத்திகைக்கே போய்விடுவது நல்லது. கடைசியில் மேடையேறும் குழுதான் முதலில் ஒத்திகை பார்க்கும். முதலில் மேடையேறும் குழு கடைசியாகப் பார்த்துவிட்டு, சாமானை அப்படியே விட்டுவைக்கும். அந்த வரிசை தெரிந்தால் யாரிடம் எப்போது பேசலாம் என்பதும் தெரியும். “யோசித்துச் சொல்கிறேன்” என்றால் முடியாது என்று அர்த்தம். நம் ஊரில் “பாக்கலாம்” என்பதற்கு என்ன அர்த்தமோ அதே.

கூட்டத்தின் முகம் வேண்டவே வேண்டாம். தன் முகத்தைத் தன்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று சொல்லும் உரிமையை 1969இலேயே ஜப்பான் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அங்கே நிற்கிறவர்கள் காலையில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள். இன்கெபாசிட்டன்ட்ஸ் என்ற இரைச்சல் இரட்டையரில் ஒருவரான மிகாவா, பல வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர். ஊரறிந்த கலைஞர், மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை. முன்வரிசையில் சட்டையைக் கழற்றி ஆடுகிறவருக்கு இருக்கும்.

அனுமதி கேட்டது ஒத்திகையில் என்றாலும், கிடைப்பது கச்சேரி முடிந்த பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகும் இடத்தில்தான். உச்சியாகே என்பார்கள். அதற்குப் போனால் நடுராத்திரிக் கடைசி ரயில் போய்விடும். போகட்டும். நெட் கஃபேயில் படுத்து எழுந்து காலை முதல் ரயிலில் வாருங்கள். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைத் தவிர்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வீடியோவில் எல்லாக் குழுவும் தூரத்தில் இருக்கும்.

ஒலி பற்றிச் சுருக்கமாக: கேமராவில் இருக்கும் மைக்கை மறந்துவிடுங்கள், அந்தச் சத்தத்தில் அது செத்துவிடும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் ஒன்று வாங்குங்கள், ஜூம் எஃப்3 போதும். சவுண்ட் போர்டிலிருந்து லைன் மட்டும் வாங்கினால் பாடுகிறவர் குரல்தான் வரும். சின்ன ரூமில் டிரம்மும் ஆம்ப்பும் நேராகவே காதில் அறைவதால் போர்டு வழியாக அவ்வளவாக அனுப்ப மாட்டார்கள். இரண்டு மைக்கை சவுண்ட்காரர் பக்கத்திலேயே வையுங்கள். காதுக்கு அடைப்பான் போடுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதாரக் கணக்கு. எங்கள் அப்பா நெய்வேலி அனல் மின் நிலையத்தின் டர்பைன் ஹாலில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டே பெண்கள் இருந்த குழு. ஒருவர் பேஸ் கிடார், ஒருவர் டிரம்ஸ். பெயர் வேண்டாம். டிக்கெட் வாசலில் நான் பெயர் சொல்லிச் சொல்லிப் பழக்கமானவர்கள். கலைக்கப்போகிறோம், இதுதான் கடைசிக் கச்சேரி என்று அறிவித்தபோது, படம் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஜப்பான்காரர்களில் ஆள் இல்லாமலா? அதனால் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன்.

கேமரா நான் ஊரிலிருந்து கொண்டுபோனது. இந்தியக் கேமரா என்பதால் பால் முறையில் 25 பிரேமில் இருந்தது. ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறைக்காரர்களின் நாடு, மாற்ற வேண்டுமா என்று டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான். ஐ.டி. வேலை, நல்ல சம்பளம், என் ஒரு வருஷச் சேமிப்பு விலைக்கு லென்ஸ் வைத்திருப்பார். பொங்கல் விழா, கோயில் விழா எல்லாவற்றுக்கும் அவர்தான் கேமராமேன். “பயப்படாத தம்பி. அதெல்லாம் பழைய டிவி காலத்துக் கதை. இருபத்தஞ்சு பிரேம், ஷட்டர் ஒன் பை ஃபிஃப்டி. கண்ண மூடிக்கினு எடு. நான் இங்க வருஷக்கணக்கா அப்படித்தான் எடுக்குறேன்” என்றார். எழுதியும் அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் சொன்னபடி எடுத்தவை முதலில் நன்றாகவே வந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த அரங்குகளில் மேடைக்கு மேலே பார் கேன் விளக்கு. குண்டு பல்பு ஜாதி, இழை சூடாகி எரிவது. மின்சாரம் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இழை ஆறுவதற்குள் மறுபடி சூடாகிவிடும், வெளிச்சம் பெரிதாக ஆடாது. குறிஞ்சிப்பாடியில் நான் பிடித்த சன்கன்னும் அதே ஜாதிதான். தப்பான ஷட்டர்கூட அந்த விளக்கில் தப்பித்துக்கொள்ளும்.

கடைசிக் கச்சேரியன்று ஒத்திகை பார் கேன் வெளிச்சத்தில் நடந்தது. டெஸ்ட் ஷாட் எடுத்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ராத்திரி அவர்கள் மேடையேறியதும் டிரம்மர் அக்கா சவுண்ட்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மேடை விளக்கு எல்லாம் அணைந்தது. அரங்கைக் கூட்டிப் பெருக்கும்போது போடும் ட்யூப்லைட் எரிந்தது. சோக் வைத்த பழைய ட்யூப்லைட். அழகு எதுவும் வேண்டாம், உள்ளது உள்ளபடி தெரியட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்தில் வியர்வை, ஒட்டுப்போட்ட ஆம்ப், தரையில் டேப் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல காட்சி இதுதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். குனிந்து கேமரா திரையைப் பார்க்க நேரமில்லை. கண் முழுக்க அவர்கள் மேல்தான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படத்தில் கறுப்புப் பட்டை மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். ஒசாகாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் அதற்கு இரண்டு மடங்கு, நொடிக்கு 120 முறை மினுக்கும். ஷட்டர் 1/60 திறந்திருந்தால் அதற்குள் முழுசாக இரண்டு மினுக்கல் அடங்கும், படம் முழுக்க ஒரே வெளிச்சம். 1/50 திறந்தால் இரண்டு மினுக்கலும், மூன்றாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைச்சலும் விழும். அந்த அரைகுறை மூன்றாவதுதான் பட்டை. டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊரைப் போல. அங்கே 1/50 கச்சிதம். ஒரே நாடு, கிழக்கே 50, மேற்கே 60. டோக்கியோவுக்கு 1895இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. ஜெனரேட்டர் வந்தது. ஒசாகாவுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் வந்தது. ஷிஸுவோகாவின் ஃபுஜி ஆற்றிலிருந்து நீகாதாவின் இதோயிகாவா வரை கோடு கிழித்ததுபோல் இன்றைக்கும் இரண்டாகவே இருக்கிறது. 2011 மார்ச் பூகம்பத்தில் கிழக்கே மின் நிலையங்கள் நின்றபோது மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 1,000 மெகாவாட்தான். நெய்வேலியின் புதிய அனல் மின் நிலையம் ஒன்றே அந்த அளவு.

அப்பாவுக்கு போன் போட்டேன். வேறு யாரிடம் சொல்வது? நெய்வேலியில் 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 600 மெகாவாட், 2020இல் மூடிவிட்டார்கள். பட்டை ஓடுகிறது என்று நான் முடிப்பதற்குள் கேட்டார்: “அங்க எத்தினி சைக்கிள்டா?”

“என்ன சைக்கிள்ப்பா?”

“கரண்டுடா. அம்பதா, அறுபதா? ஒரு மிக்சி எடுத்துகினு போறவன்கூட அத கேட்டுட்டுதான் பொட்டி கட்டுவான்.”

அறுபது என்று பார்த்துச் சொன்னேன். “அப்புறம் என்ன, அம்பதுக்கு வெச்சிருப்ப” என்றார். கேமராவைத் தொட்டறியாதவர்.

பிறகு அண்ணனுக்கு போன் போட்டேன். “ஓ, நீ ஒசாகாவுல இருக்கியா? டோக்கியோன்னு நெனச்சுட்டேன் தம்பி” என்றார். போன தீபாவளிக்கு முறுக்கு பார்சல் என் ஒசாகா முகவரிக்கு அனுப்பியவர் அவர். அப்புறம் “டெஸ்ட் எடுத்துப் பாத்திருக்கணும், அதான் புரொஃபஷனல்” என்று பாடம் வேறு. எந்த விளக்கில் டெஸ்ட் எடுப்பது அண்ணே? ட்யூப்லைட் போடப்போகிறார்கள் என்று சவுண்ட்காரருக்கே அப்போதுதான் தெரியும். கறுப்புப் பட்டையை நீக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர் மேல் ஓடும் பட்டையை அது ஓரளவு துடைக்கும். டிரம் அடிக்கிற கையை, கையா பட்டையா என்று தெரியாமல் சேர்த்தே துடைத்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது: இந்தியாவில் வாங்கின கேமராவானால் ஒசாகாவில் இறங்கின அன்றைக்கே என்.டி.எஸ்.சி.க்கு மாற்றுங்கள். சில மாடல்களில் மாற்றினால் மெமரி கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும். கச்சேரி வாசலில் நின்றுகொண்டு அதைச் செய்யாதீர்கள். அங்கேயே வாங்குவதானால் உமேடா ஸ்டேஷன் எதிரில் எகிமே கட்டடங்களில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஜப்பானில் விற்கும் சோனி பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான், வேறு மொழிக்கு மாறாது. கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். நாகோயா, கியோட்டோ, கோபே, ஃபுகுவோகா எல்லாம் 60. செண்டாய், சப்போரோ 50. யார் செட்டிங் சொன்னாலும் அவர் எந்த ஊரில் நின்று சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

காசு வாங்குவது பற்றியும் தம்பிகள் கேட்டார்கள். நான் வாங்கவில்லை. குறிஞ்சிப்பாடி ஸ்டூடியோ நண்பன் இதற்காகவே என்னைப் பைத்தியம் என்கிறான். வேலை விசாவில் இருக்கிறவன் வேறு வேலை செய்து காசு வாங்க வேண்டுமென்றால் குடிநுழைவுத் துறையிடம் தனி அனுமதி வேண்டும். மாணவர்களுக்கு அந்த அனுமதி இருந்தாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். சட்டத்துக்குப் பயந்து மட்டும் வாங்காமல் இருக்கவில்லை. அரங்குக்குத் தானே காசு கட்டி வாசிக்கிறவனிடம் நான் என்ன கேட்பது? நான் எடுத்ததை முதலில் குழுவிடம் கொடுப்பேன். அவர்கள் எழுத்தில் சரி என்று அனுப்பும்வரை எங்கேயும் போட மாட்டேன். சில வீடியோ வருஷக்கணக்காக என் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கிறது. நண்பனுக்கு இதுவும் பைத்தியக்காரத்தனம்தான். அவன் கல்யாண ஆல்பத்துக்கு பாக்கி வசூலிக்க அலைகிற அலைச்சலை நான் பார்த்திருக்கிறேன், அதை இங்கே எழுத வேண்டாம்.

அந்த இரண்டு பெண்களிடமும் வீடியோவை அப்படியே போட்டுக் காட்டினேன். பட்டை ஓட ஓட முழுசாகப் பார்த்தார்கள். பேஸ்காரர் ஒன்றும் பேசவில்லை. டிரம்மர் அக்கா ஒலியை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்றார். ரெக்கார்டர் சவுண்ட்காரர் பக்கத்தில் ஓடியிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அங்கே இன்னும் கேசட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வசந்த காலத்தில் அந்தக் கச்சேரி கேசட்டாக வந்தது. உள்ளட்டையில் ஒலிப்பதிவு என்று என் பெயர், கத்தகானா எழுத்தில்.

டோக்கியோ அண்ணன் எங்கோ கேள்விப்பட்டு, எனக்கும் ஒன்று அனுப்பு தம்பி என்று மெசேஜ் போட்டார். ஆயிரம் யென், தபால் செலவு தனி என்று பதில் அனுப்பினேன்.